சாரண ஆசிரியரும் நாட்டு அரசியலும்



பாடசாலை விட்டு மாணவர் பெரும்பாலோர் வீடு திரும்பிய பின்னரும், மைதானத்தின் ஓர் ஓரத்தில், மர நிழலிலே, இருபது முப்பது சிறுவர் கயிறுந் தடியுமாகக் கூடி நிற்பதை இந்நாட்டின் பல ஊர்களிலும் காணலாம். அவர்கள் நடுவே கழுத்துத் துணி அணிந்த பெரியவர் ஒருவர் நிற்பார். முடிச்சு அவிழ்ந்த பையனுக்கு மீண்டும் முடிந்து காட்டுவார். சண்டையிட்ட இருவரைப் பிரித்து ஒரே அணியில் நிறுத்துவார். இவரே சாரண ஆசிரியர். இத்தொண்டுக்கு இவருக்குச் சம்பளம் இல்லை. பாசறைக்குச் செல்லும்போது பஸ் கட்டணத்துக்கு வழியற்ற பையன் எவனேனும் இருப்பின், அக்கட்டணம் பெரும்பாலும் இவருடைய சட்டைப் பையிலிருந்தே வரும். அதுபற்றி இவர் மனைவியார் என்ன சொல்லுவார் என்பது வேறு விடயம்.

இவரும் ஒரு குடிமகனே. காலையிலே பத்திரிகை படிப்பவர். தேர்தல் வந்தால் வாக்களிப்பவர். தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்து அரசாங்கத்தின் போக்கைப்பற்றி அடித்துப் பேசுபவர். பேசுவதற்கு அவருக்கு உரிமை உண்டு, காரணமும் இருக்கலாம். ஆயின், மாலை நான்கு மணிக்குக் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு சிறுவர் முன் நிற்கும் அக்கணத்தில், அந்த அபிப்பிராயங்கள் எல்லாம் எங்கே போகின்றன? வீட்டிலே கழற்றி வைத்துவிட்டு வருகின்றாரா? அல்லது, அவர் அறியாமலே அவை அவரோடு மைதானத்துக்கு வந்துவிடுகின்றனவா?

சாரணர் இயக்கம் அரசியல் சார்பற்றது என்பது எல்லோரும் சொல்லும் வார்த்தை. உலக சாரணர் அமைப்பின் யாப்பும் தன்னைத் தன்னார்வமான, அரசியல் சாராத, கல்வி சார்ந்த இயக்கம் என்றே கூறுகின்றது. அதே அமைப்பு இதற்குத் தரும் விளக்கம் பலர் காதில் விழுவதில்லை. ஆட்சியைப் பிடிப்பதற்குக் கட்சிகள் நடத்தும் போட்டியில் இயக்கம் சேராது என்பதே அதன் கருத்து; நாட்டிலே நடப்பவற்றைச் சாரணன் கண்ணெடுத்தும் பார்க்கலாகாது என்பது கருத்தன்று. நல்ல குடிமகனை உருவாக்குவேன் என்று புறப்பட்ட ஓர் இயக்கம், குடிமகன் வாழும் நாட்டைப்பற்றி வாயே திறவாதிருத்தல் எங்ஙனம் கூடும்? இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இருக்கின்றது. அக்கோட்டினைக் கீறும் வேலை, தலைமையகத்தில் இருப்பவர்களைவிட, மைதானத்தில் நிற்கும் அந்தப் பெரியவர் தலையிலேயே வந்து விழுகின்றது.

இயக்கம் தோன்றிய நாளிலேயே இச்சிக்கலும் தோன்றிவிட்டது. தாபகராகிய பேடன் பவல் ஒரு போர்வீரர். தென்னாபிரிக்காவிலே 1899ஆம் ஆண்டு தொடங்கி 217 நாட்கள் நீடித்த மஃபெக்கிங் முற்றுகையின்போது, அந்நகரின் சிறுவர் செய்தி கொண்டுசெல்லும் பணியைத் திறம்படச் செய்ததை அவர் நேரிற் கண்டார். 1907 ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுண்சீ தீவிலே ஏறக்குறைய இருபது சிறுவரைக் கொண்டு முதலாவது பாசறையை நடத்தினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் உறங்கினர். வகுப்பு வேற்றுமை இறுகிப்போயிருந்த அக்கால இங்கிலாந்திலே இதுவும் ஒருவகையில் அரசியலே. ஆனால், இயக்கம் பரவத் தொடங்கியதும் வேறொரு குற்றச்சாட்டு எழுந்தது. சாம்ராச்சியத்துக்கு வேண்டிய வருங்காலப் படைவீரரைத் தயாரிக்கும் வேலை இது எனச் சிலர் கூறினர். அவ்வாறு கூறியவர் வெளியார் மட்டுமல்லர். இயக்கத்தின் உள்ளே பொறுப்பு வகித்த சேர் பிரான்சிஸ் வேன் என்பவரே 1909இல் தலைமையோடு முரண்பட்டு வெளியேறினார்.

இவ்வரிசையில் இன்னொருவருடைய கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. ஜோன் ஹார்கிரேவ் என்பது அவர் பெயர். குவேக்கர் என்னும் சமாதானப் பற்றுள்ள கிறித்தவக் குடும்பத்திலே பிறந்தவர். இளமையிலேயே சாரணராகி, காட்டு வாழ்க்கைக் கலையிலே வல்லவராகி, பிற்காலத்தில் லண்டன் தலைமையகத்தில் அத்துறைக்கு ஆணையாளராகவும் விளங்கினார். முதலாம் உலகப் போரிலே படை மருத்துவப் பிரிவிற் சேர்ந்து கலிப்போலியிலே காயம்பட்டவர்களைச் சுமந்தார். அங்கே கண்ட கோரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. போர் முடிந்தபின், சாரணர் இயக்கத்தில் இராணுவச் சாயலும் சாம்ராச்சியச் சாயலும் மிகுந்துவிட்டன என வெளிப்படையாகப் பேசலானார். 1920இல் கிபோ கிப்ட் என்னும் தனி அமைப்பொன்றைத் தொடங்கினார். 1921இல் சாரணர் சங்கம் அவரை விலக்கியது.

இதுவரையில் அவர் பக்கமே நியாயம் இருப்பதாகக் கேட்பவர் எண்ணலாம். பலர் எண்ணவுஞ் செய்தனர். பின்னர் நடந்ததைப் பார்ப்போம். ஹார்கிரேவ், சமூகக் கடன் என்னும் ஒரு பொருளாதாரக் கொள்கையிலே பற்றுக்கொண்டார். காடும் கூடாரமும் கைவேலையுமாக இருந்த அவருடைய அமைப்பு, 1930களிலே பச்சைச் சட்டையினர் என்னும் கட்சியாக மாறியது. முரசு அடித்து, கொடி பிடித்து, சீருடை அணிந்து லண்டன் தெருக்களில் அணிவகுத்துச் சென்றனர். 1936இல் இயற்றப்பட்ட பொது ஒழுங்குச் சட்டம் அரசியற் சீருடைகளைத் தடைசெய்தபோது, பாசிசக் கருஞ்சட்டையினரோடு இப்பச்சைச் சட்டையினரும் சட்டையைக் கழற்ற நேர்ந்தது. சாரணர் அணிநடை பிடிக்காது வெளியே வந்தவர், தாமே தெருவில் அணிநடை நடத்தினார். அவர் கெட்டவர் அல்லர். தாம் உண்மை எனக் கண்டதைப் பிறரும் காணவேண்டும் என்னும் வேகம் அவரிடம் மிகுந்திருந்தது; அவ்வளவே. அத்தகைய வேகம் உள்ளவர் இளைஞர் நடுவே நிற்கும்போது, அவர்தம் கொள்கை எதுவாயினும், இளைஞர் கூட்டம் படிப்படியாக ஒரு கட்சியின் உருவை எடுத்துவிடுகின்றது.

அயல்நாடாகிய இந்தியாவிலே இச்சிக்கல் வேறு உருவில் வந்தது. அங்கே 1909இல் தொடங்கிய சாரணர் துருப்புக்களிலே ஆரம்பத்தில் இந்தியச் சிறுவரைச் சேர்ப்பதில்லை. ஆங்கிலேயர் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்குமே இடம். சுதேசிப் பிள்ளைகளுக்கு இப்பயிற்சியை அளித்தால் அது பின்னர் ஆட்சிக்கு எதிராகத் திரும்பும் என அதிகாரிகள் அஞ்சினர். ‘அரசியல் வேண்டாம்’ என்னும் சொல், சில வேளைகளில், இருக்கின்ற அரசியல் அப்படியே இருக்கட்டும் என்பதற்கு மறுபெயராகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1917இல் அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையிலே இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் சங்கம் ஒன்றை நிறுவினார். தலைப்பாகையும் சீருடையின் ஒரு பகுதியாயிற்று. அதே ஆண்டிலேதான் சுயாட்சிக் கிளர்ச்சிக்காக அவ்வம்மையார் அரசாங்கத்தாற் காவலில் வைக்கப்பட்டவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டில் மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசண்ட் அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்துடன் இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. அரசனுக்கு விசுவாசம் என்னும் வாக்குறுதி அவர்களுக்கு இடித்தது. நாடு சுதந்திரம் அடைந்தபின், 1950 நவம்பர் 7ஆம் திகதியே பாரத சாரணர் அமைப்பு என ஒன்றாயின.

மாலையிலே சிறுவருக்கு முதலுதவி பயிற்றிய ஒரு சென்னை ஆசிரியர், அந்த 1917ஆம் ஆண்டிலே, அரசியல் பேசினார் என்று சொல்வதா, பேசவில்லை என்று சொல்வதா? அவர் வாயாற் பேசியிருக்க மாட்டார். இந்தியச் சிறுவன் ஒருவனுக்குக் கழுத்துத் துணி கட்டியதே அன்று அரசியற் செயலாயிருந்தது.

இனி ஐரோப்பாவின் இருண்ட காலம். இத்தாலியிலே முசோலினியின் ஆட்சி, பலில்லா என்னும் தன் சிறுவர் படையை வளர்ப்பதற்காக, 1928 அளவில் சாரணர் சங்கங்களைக் கலைத்தது. சோவியத் நாட்டிலும் ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதுவே கதி. சிறுவர் உள்ளத்திலே தமக்குப் போட்டியாக வேறொரு வாக்குறுதி இருத்தல் ஆகாது என்பதிலே ஒன்றோடொன்று பகைத்த ஆட்சிகளும் ஒத்த கருத்துடையனவாயிருந்தன.

போலந்திலே நடந்தது தனிக் கதை. 1939 செப்டெம்பர் மாத இறுதியில், வார்சா நகரம் ஜெர்மனியரிடம் வீழும் தறுவாயில், அந்நாட்டுச் சாரணர் தலைவர்கள் இரகசியமாகக் கூடி, இயக்கத்தை மறைவிலே நடத்துவதெனத் தீர்மானித்தனர். ‘சாம்பல் அணிகள்’ என்பது அம்மறைவு இயக்கத்தின் பெயர். மறைவு வாழ்க்கையில் என்னென்ன செய்யலாம் என்று தீர்மானித்தபோது அப்பெரியவர்கள் வயதை மறக்கவில்லை. பதினெட்டு வயதும் அதற்கு மேலும் உள்ளோர் ஆயுதப் போராட்டத்திற் சேர்ந்தனர். பதினைந்து முதல் பதினேழு வயதுள்ளோர் சுவரிலே சின்னம் எழுதுதல் முதலிய சிறு நாச வேலைகளைச் செய்தனர். பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுள்ளோரைப் போரிலே நேரடியாக ஈடுபடுத்துவதில்லை என்றும், துணைப்பணிக்கே பயிற்றுவதென்றும் முடிவு செய்தனர். ‘இன்று, நாளை, நாளை மறுதினம்’ என்பது அவர்களுடைய திட்டத்தின் பெயர். இன்று மறைவு வேலை. நாளை வெளிப்படையான எழுச்சி. நாளை மறுதினம் விடுதலை பெற்ற நாட்டைக் கட்டியெழுப்பும் பணி. ஆதலால், மறைந்து வாழும்போதே படிப்பையும் விடலாகாது என்று வற்புறுத்தினர். தலைக்கு மேலே மரணம் நிற்கும் வேளையிலே, பாடப் புத்தகத்தை மூடாதே என்று சிறுவனுக்குச் சொன்ன அந்த ஆசிரியர்களை எண்ணும்போது மனம் நெகிழ்கின்றது.

1944 ஓகஸ்ட் முதலாந் திகதி வார்சாவிலே எழுச்சி வெடித்தது. 63 நாட்கள் நீடித்தது. அந்நாட்களில் நகருக்குள்ளே கடிதங்களைக் கொண்டுசென்ற களத் தபாற் சேவையைச் சாரணரே நடத்தினர். இடிபாடுகளின் ஊடாகவும் நிலத்தடிக் கழிவுநீர்ப் பாதைகளின் ஊடாகவும் ‘உயிரோடிருக்கிறேன்’ என்னும் செய்தி தாய்க்கும் மகனுக்கும் இடையே சென்றது. இக்கடிதங்களைச் சுமந்த சிறுவரிற் பலர் மாண்டனர். வயதெல்லை வகுத்த பெரியவர்கள் அவ்வெல்லையை முற்றாகக் காக்க முடியவில்லை. 1983இல் வார்சாவின் பழைய நகர மதிலருகே ஒரு சிறுவனின் சிலை நிறுவப்பட்டது. அவன் தலையிலே உள்ள இரும்புத் தொப்பி அவனுக்கு மிகப் பெரியது. அச்சிலையைக் கண்டு பெருமிதங் கொள்வோரும் உண்டு. சிறுவன் தலையில் அத்தொப்பி ஏறியிருக்கலாமா என்று வருந்துவோரும் உண்டு. இரு சாராரும் நாட்டுப் பற்றுள்ளவரே.

போலந்தின் கதை, நாடே அழியும் வேளையிலே நடந்தது. சாதாரண நாட்களில், வாக்குச் சீட்டும் கட்சிப் பூசலும் உள்ள நாடொன்றில், சாரண ஆசிரியருக்கு வரும் சோதனை வேறு வகையானது. அதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஐக்கிய அமெரிக்காவிலே கிடைக்கின்றது.

அந்நாட்டிலே சாரணர் இயக்கம் 1910இல் தொடங்கியது. பதவியிலுள்ள ஜனாதிபதி எக்கட்சியினராயினும் அவரை இயக்கத்தின் கௌரவத் தலைவராகக் கொள்வது மரபு. 1937இல் வாஷிங்டனிலே கூடிய முதலாவது தேசிய ஜம்போரிக்கு ரூஸ்வெல்ட் வந்தார். அதன் பின்னரும் ஜனாதிபதிகள் சிலர் வந்து, துணிவு, தொண்டு, நேர்மை என்று நாலு நல்ல வார்த்தை பேசிச் சென்றனர். 2017 யூலை 24ஆம் திகதி, மேற்கு வேர்ஜீனியாவில் நடைபெற்ற தேசிய ஜம்போரியிலே, ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் பேசினார். சிறுவரும் தலைவருமாக ஏறத்தாழ 40,000 பேர் கூடியிருந்தனர். அரசியற் சண்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசப் போவதாகத் தொடங்கியவர், சிறிது நேரத்திற்குள்ளேயே தமது தேர்தல் வெற்றியைப்பற்றியும், தம்மை எதிர்த்தவரைப்பற்றியும், பத்திரிகைகளைப்பற்றியும், தமக்கு முன்னிருந்த ஜனாதிபதி ஜம்போரிக்கு வராததைப்பற்றியும் பேசலானார். சிறுவர் கூட்டத்திலிருந்து ஆரவாரமும், சில பெயர்கள் சொல்லப்பட்டபோது கூச்சலும் எழுந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அக்கூட்டத்துக்கு முன்னரேயே பாசறை நிருவாகத்தினர் துருப்புத் தலைவர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் கொடுத்திருந்தனர். தேர்தற் காலத்திலே கேட்கப்பட்ட கோஷங்களைச் சிறுவர் எழுப்பாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். வரும் விருந்தினர் எவராயினும் மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். சிறுவர் என்ன செய்வார்கள் என்பதையே பெரியவர்கள் எண்ணிக் கவலைப்பட்டனர். மேடையிலிருந்து என்ன வரும் என்பதற்கு அறிவுறுத்தல் எழுத எவராலும் இயலவில்லை.

பெற்றோர் பலர் கண்டித்தனர். வேறு பலர் இதில் என்ன தவறு என்றனர். மூன்று நாள் கழித்து, சங்கத்தின் தலைமை நிருவாகியாகிய மைக்கேல் சர்போ, ஜம்போரியிலே புகுத்தப்பட்ட அரசியற் பேச்சினால் மனம் புண்பட்டோரிடம் மன்னிப்புக் கோரி அறிக்கை விடுத்தார். ஜனாதிபதிகளை அழைப்பது மரபேயன்றி எவரையும் ஆதரிப்பது ஆகாது எனவும் விளக்கினார். நாளிதழ்களுக்கு அத்துடன் விடயம் முடிந்தது. பாசறையிலிருந்து பையன்களோடு பஸ்ஸிலே வீடு திரும்பிய அந்தத் தொண்டர்களுக்கு முடிந்திருக்காது. ஒரே துருப்பிலே அந்த ஜனாதிபதிக்கு வாக்களித்த தந்தையின் மகனும் இருப்பான். எதிராக வாக்களித்த தாயின் மகனும் இருப்பான். ‘ஐயா, நாங்கள் கூச்சலிட்டது பிழையா?’ என்று ஒருவன் கேட்டால், விடை சொல்ல வேண்டியவர் அறிக்கை விடுத்த தலைவர் அல்லர்.

அவர் என்ன சொல்லலாம்? ஜனாதிபதி சொன்னது சரி என்றோ பிழை என்றோ தீர்ப்புச் சொல்வாராயின், மேடையிலே நடந்ததையே தாமும் சிறிய அளவிற் செய்தவராவார். ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பாராயின், பையன்கள் அவரைக் கோழை என்றோ கபடர் என்றோ எண்ணுவர். பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கபடத்தைக் கண்டுபிடிக்கும் திறமை அபாரம். ஆனால், அந்நாட்டுச் சாரணர் சட்டத்திலே மரியாதை, அன்பு என்னும் சொற்கள் இருக்கின்றன. அங்கே இல்லாத ஒருவரைப் பெயர் சொல்லிக் கூச்சலிட்டது அச்சொற்களுக்குப் பொருந்துமா என்று அவர்களையே கேட்கலாம். இக்கேள்வி எக்கட்சிக்கும் உரியதன்று. அதே அளவுகோலை அடுத்த முறை தாம் விரும்பும் கட்சித் தலைவருக்கும் அவர் பிரயோகிப்பாராயின், பையன்கள் அவரை நம்புவர்.

இயக்கத்தின் தாபகரே பிற்காலத்தில் அரசியல் வாதப் பொருளானார் என்பதும் மறைக்கத் தக்கதன்று. 2020 யூன் மாதம், இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலே உள்ள அவருடைய சிலையை அகற்ற வேண்டும் என்று ஒருசாரார் கூறவே, நகரசபை அதனைத் தற்காலிகமாக அகற்ற எண்ணியது. வேறொருசாரார் சிலையைச் சுற்றி நின்று காவல் காத்தனர். அவருடைய சாம்ராச்சியக் கருத்துக்களும், ஹிட்லரின் நூலைப்பற்றித் தமது நாட்குறிப்பிலே பாராட்டாக எழுதிய ஒரு வரியும் அப்போது எடுத்துரைக்கப்பட்டன. நாசிகள் பிரித்தானியாவைக் கைப்பற்றினாற் கைதுசெய்ய வைத்திருந்த பட்டியலிலே அவர் பெயர் இருந்ததும் உண்மையே. இரண்டையும் பையன்களுக்குச் சொல்லுதலே நேர்மை. தாபகரைத் தெய்வமாக்கி வைத்திருந்த ஆசிரியருக்கு இது கடினமாகவே இருக்கும்.

இனி எமது தீவு. 1912ஆம் ஆண்டு மாத்தளையிலே ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர் தொடங்கிய சிறு துருப்பே இங்கு இயக்கத்தின் வித்து. 1953இல் இலங்கை, உலக அமைப்பிலே தனி அங்கத்துவம் பெற்றது. 1957இல் சங்கம் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. முன்னர் அரசியின் பெயரால் வழங்கப்பட்ட உயர்ந்த விருது, நாடு குடியரசான பின் ஜனாதிபதியின் பெயரால் வழங்கப்படலாயிற்று.

1957க்கு முந்திய ஆண்டு எது என்பது நேயர்களுக்குத் தெரியும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரச கரும மொழியாக்கியது. அக்காலத்தில், வடக்கிலோ கிழக்கிலோ, ஒரு தமிழ்ப் பாடசாலை மைதானத்தில், மூன்று விரலை உயர்த்தி நாட்டுக்குக் கடமை செய்வேன் என வாக்குறுதி சொல்லிய பையன் ஒருவனை மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம். வீட்டிலே தகப்பனார் உத்தியோக உயர்வுக்குப் புதிதாக ஒரு மொழி படிக்கவேண்டிய கவலையில் இருப்பார். ‘ஐயா, என் மொழியைத் தள்ளிவைத்த நாட்டுக்கும் நான் கடமை செய்ய வேண்டுமா?’ என்று அவன் கேட்டிருந்தால், அந்த ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்? அவருக்கும் அதே மொழிதான், அதே கோபந்தான். கோபத்தை அவன் தலையில் ஏற்றிவிடுவது எளிது. நாட்டுப் பற்று வேறு, அரசியல் வேறு, பேசாமல் முடிச்சைக் கட்டு என்பதும் எளிது. முதலாவது வழியிற் சென்றவர் பையனைத் தம் பக்கத்துக்கு ஆள் சேர்த்தவராவார். இரண்டாவது வழியிற் சென்றவர் அவன் கேள்வியை வேறெங்கோ கொண்டுபோய்க் கேட்கும்படி துரத்தியவராவார்.

நாடு என்பது அரசாங்கம் மாத்திரமன்று. உன் ஊர்க் கிணறும், அயல் வீட்டுக் கிழவியும், சென்ற பாசறையிலே உன்னோடு ஒரே பானையிற் சமைத்துண்ட காலிப் பையனும் நாடே என்று சொல்லலாம். அரசாங்கத்தின் சட்டம் அநீதியானது எனக் கருதினால், அதனை மாற்றும்படி முறையாகக் கேட்பதும் அந்நாட்டுக்குச் செய்யும் கடமையே. அதனாற் காலிப் பையன் உனக்குப் பகையாக மாட்டான் என்றும் சொல்லலாம். இவ்விடை பையனுக்கு முழுத் திருப்தி அளித்திருக்குமா என்பது ஐயமே. 1983க்குப் பின் வந்த ஆண்டுகளில், இவ்விடையைச் சொல்வதே எத்துணை கடினமாயிருந்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. 1987இல் தமிழும் அரச கரும மொழி எனச் சட்டம் ஏற்ற வேளையிலே, 1956இற் கேள்வி கேட்கக்கூடிய வயதிலிருந்த பையன்கள் பேரப்பிள்ளை காணும் வயதை அணுகிக்கொண்டிருந்தனர். ஆயினும், அத்தகைய பையன்களிடம் பொய் சொல்லாத ஆசிரியர்கள் எத்தனை பேர் இருந்தனரோ, அத்தனை மைதானங்களிலே துருப்புக் கலையாதிருந்திருக்கும்.

இத்துணைப் பெரிய கேள்விகள் நாள்தோறும் வருவதில்லை. நாள்தோறும் வருவன சிறியவை. ஊருக்குப் பிரமுகர் ஒருவர் வருகின்றார். மாலை போடவும் வீதியின் இருமருங்கும் நிற்கவும் இருபத்துநான்கு சாரணரை அனுப்பி வைக்கவும் என்று ஒரு கடிதம் வரும். பெப்ரவரி 4ஆம் திகதிச் சுதந்திர தினமாயின் தடையேதும் இல்லை. அது நாட்டின் விழா. கட்சிக் கூட்டமாயின் மறுப்பதிலும் தயக்கம் இல்லை. சீருடையோடு அங்கே செல்லலாகாது. இடைப்பட்டதே தொல்லை. அமைச்சர் ஒருவர், அமைச்சர் என்ற முறையிலே, பாடசாலைக் கட்டடத்தைத் திறந்து வைக்க வருகின்றார். ஆனால் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கின்றது. கட்டடம் பிள்ளைகளுடையது, நன்றி சொல்லுதல் பண்பு. படமோ மறுநாள் தேர்தற் பிரசுரத்திலே வரும். இந்நிலையிலே சாரணரை வாயிலில் வரிசையாக நிறுத்தாமல், முதலுதவிக்கும் தண்ணீர் வழங்குவதற்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கும் அனுப்புகின்ற ஆசிரியர்கள் இருக்கின்றனர். வேலை செய்கின்ற பையனைப் படமெடுப்போர் அதிகம் தேடுவதில்லை.

வெள்ளம் வந்தால் இன்னொன்று வரும். நிவாரண அரிசி மூடையின் மேலே வேட்பாளரின் படம் ஒட்டப்பட்டிருக்கும். சாரணர் அதனைத் தோளிலே சுமந்து முகாமுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பசித்தவனுக்கு அரிசி அரிசியே. படத்துக்காக மூடையை இறக்கி வைப்பது பாவம். படம் உட்பக்கம் இருக்குமாறு மூடையைத் திருப்பித் தோளில் வைத்துக்கொள்ளும்படி சொல்வதைத் தவிர அவ்விடத்தில் வேறு வழி தோன்றவில்லை. இத்தகைய சின்ன உபாயங்களைக் கேட்டுச் சிரிப்பவர், ஒருநாள் மழையில் அந்த லொறியருகே நின்று பார்க்க வேண்டும்.

கட்சி அரசியலை விலக்குவது வேறு, குடியாட்சியை விலக்குவது வேறு என்பதற்கு, முன்பு குறிப்பிட்ட அமெரிக்காவிலேயே நல்ல எடுத்துக்காட்டொன்று உண்டு. 1952ஆம் ஆண்டு அங்கே ஜனாதிபதித் தேர்தல் கடும் போட்டியாக நடைபெற்றது. ஐசனோவர் ஒருபுறம், ஸ்ரீவன்சன் மறுபுறம். அவ்வாண்டில் நாடெங்கும் சாரணர் வீடு வீடாகச் சென்று, சுதந்திர மணியின் உருவில் வெட்டப்பட்ட அட்டைகளைக் கதவுப் பிடிகளிலே தொங்கவிட்டு வந்தனர். தேர்தல் நாளிலே தவறாது வாக்களியுங்கள் என்பதே அவற்றின் செய்தி. இன்னாருக்கு என்று அதிலே இல்லை. இரண்டு கட்சியினர் வீட்டுக் கதவிலும் அதே அட்டையே தொங்கியது. தொங்கவிட்ட பையன்களுக்கோ அப்போது வாக்குரிமை இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு இருபத்தொரு வயது நிரம்ப வேண்டியிருந்தது. அவர்களை அழைத்துச் சென்ற சாரண ஆசிரியர்கள், அட்டைகள் தீர்ந்தபின் வீட்டுக்குப் போய்க் கழுத்துத் துணியைக் கழற்றி வைத்துவிட்டு, தத்தம் கட்சிக் கூட்டங்களுக்குச் சென்றிருந்தாலும் வியப்பில்லை.